முழங்கைத் தோல்

என் சொந்த மூளையைப் பாவித்து நான் கண்டுபிடித்த முதல் தொழுநோயாளி நானேதான்.

தொழுநோய்க் கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்து, பயிற்சி முடித்து, மாத்தளைக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. முழங்காலுக்குக் கீழே ஓரிடம் அரித்தது. நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர், பல்வலிக்குப் பூசி மரக்க வைக்கிற கராம்பு எண்ணெய் வடித்து விற்பவர். அவரிடம் கொஞ்சம் வாங்கித் தாராளமாகத் தேய்த்தேன். தேய்த்த பிறகு படித்த படிப்பு சும்மா இருக்க விடவில்லை. மரத்துப்போன தோல் என்றால் சந்தேகப்பட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களே. பஞ்சைத் திரித்தேன், கண்ணை மூடினேன், தொட்டுப் பார்த்தேன். தொடுகிறவனும் நான், தொடப்படுகிறவனும் நான், கண்ணை மூடிக்கொண்டவனும் நான். பஞ்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. சந்தேகம் தீர்ந்தது. எனக்கு வந்துவிட்டது.

அன்றே என் புதுச் சட்டையை அறை நண்பனுக்குக் கொடுத்தேன். "எனக்கு இனி எதுக்குடா" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போய்விட்டான். நான் கலங்கிய கண்ணோடு மேலதிகாரி டாக்டர் மங்களேஸ்வரியின் முன்னால் நின்று காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அவர் குனிந்தார். தொடக்கூட இல்லை.

"கராம்பு மணக்குது தங்கராஜ். கழுவிப்போட்டு வாரும்."

சட்டை திரும்பி வரவே இல்லை.

இதைத்தான் எழுதச் சொல்லிக் கேட்டார்கள், இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள். ஏதோ மலர் போடுகிறார்களாம். "சிரிப்பா எழுதுங்க சேர், நீங்க எழுதினாத்தான் சிரிப்பா இருக்கும்" என்றாள் ஒருத்தி. அவள் நல்ல பிள்ளை. நோயாளியின் தோலைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "சேர், இது அதுவா?" என்று கேட்பாள். போன மாதம் ஒரு முதுகின் படம் வந்தது. பார்த்தேன், தேமல். சொன்னேன். "தேங்க்யூ சேர்" என்றாள். அந்த முதுகு யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போதுதான் வேறொரு தோல் ஞாபகத்துக்கு வந்தது. யாருடையது என்று நான் ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குச் சொன்ன தோல். ஆகவே, மகளே, முழுக்கச் சிரிப்பாக எழுத முடியவில்லை. முடிந்த அளவு சிரித்திருக்கிறேன்.

நான் வேலை செய்த பிற்காலத்தில், ஆள் யாரென்று தெரிந்துபோன தேயிலைத் தோட்டங்களில் எனக்குப் பெயர் "தோலு ஐயா". பெற்றோர் வைத்த பெயரை அரசாங்கக் கந்தோரில் மட்டுந்தான் கேட்பேன். தோட்டத்தில் தோல் என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. பிந்தி வருகிறவனின் தோலை உரித்துவிடுவதாகக் கங்காணி சொல்வார். உரித்ததைப் பார்த்தவர் இல்லை. படிக்காத பிள்ளைக்கு எருமைத் தோல். காய்ச்சலில் கிடந்து எழும்பினால் எலும்பும் தோலும். கலியாணம் பேசப் போகிறவர்கள் வேறெதையும் சொல்வதற்கு முன் "செவத்த தோலுங்க" என்பார்கள். திருவிழாவில் தப்படிக்கிறவர் நெருப்பு மூட்டித் தோலுக்குச் சூடு காட்டும்போது நான் பக்கத்தில் போய் உட்காருவேன். "ஐயா, இது ஒங்க டிப்பார்ட்மென்ட் இல்லீங்க. இது செத்த தோலு" என்பார். பால் தேத்தண்ணியில் படிகிற ஆடையை எல்லாருக்கும் எடுத்துவிட்டு எனக்கு மட்டும் விட்டுவிடுவார்கள். தொழிலுக்குச் செய்கிற மரியாதையாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடலோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. விரல்கள் பாதி போன ஒரு பெரியவர் கரம்போர்ட் விளையாட்டில் என்னைத் தினமும் தோற்கடித்தார். மீதி எல்லாவற்றையும் டாக்டரம்மா மங்களேஸ்வரியிடம் படித்தேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குட்டையான ஆள், பேச்சும் குட்டை. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாங்கள் ஏறிப் போகும் காலைகளில் பனி மூடி, கை விறைத்துப்போகும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போய் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். வீட்டுக்காரர் தரும் பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பார். குடிப்பதற்காக அல்ல, கை சூடாவதற்காக. குளிர்ந்த கையால் நோயாளியைத் தொட மாட்டார். பிறகு ஆளை யன்னலருகே கூட்டிப்போவார். டோர்ச் வெளிச்சம் ஆகாது. பகல் வெளிச்சம் தோலின் மேல் சாய்வாக விழ வேண்டும், அப்போதுதான் மங்கிய இடம் தெரியும். முழங்கையின் உள்பக்கத்துப் பள்ளத்தில் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது கண் முழங்கையில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும்.

"நோகுதோ எண்டு நாங்கள் கேக்க முதல் முகம் சொல்லிப்போடும்" என்பார்.

பஞ்சுப் பரிசோதனையை எனக்குப் பழக்கி எடுக்க அவர் பட்ட பாடு பெரிது. பஞ்சைத் திரித்து நுனியை மெலிதாக்க வேண்டும். தோலில் நிமிர்த்தி வைத்து, பஞ்சு இலேசாக வளைகிற அளவுக்குத் தொட்டு எடுக்க வேண்டும். நான் இழுத்துவிடுவேன். "தங்கராஜ், நீர் என்ன, சுவருக்கு வெள்ளையடிக்கிறீரோ?" என்று கேட்பார். முதலில் நோயாளி கண்ணைத் திறந்திருக்க, தொட்ட இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்ல வேண்டும். விளங்கிக்கொண்டார் என்று தெரிந்த பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். நல்ல தோலில் ஒரு தடவை, சந்தேகமான தோலில் ஒரு தடவை, மாறி மாறி, ஒழுங்கு தெரியாதபடி. "தெரியுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் எங்கள் சனங்கள் ஐயா மனம் நோகக்கூடாதே என்று "தெரியுதுங்க" என்பார்கள்.

இவற்றையெல்லாம்விட அவர் கண்டிப்பாக இருந்த காரியம் ஒன்று உண்டு. நோயின் பெயர்.

"பேரை அவருக்கு ஒருக்காச் சொல்ல வேணும். மெழுகிச் சொல்லப்படாது. சொன்னாப் பிறகு அது அவற்ர சாமான். நாங்கள் எடுத்துப் பாவிக்கப்படாது."

ஆகவே வெளியே எங்கள் நோயாளிகளை எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. சந்தையில், பஸ்ஸில், தேரோட்டத்தில் முகத்துக்கு முகம் மோதினாலும் தெரியாது. சிகிச்சை அட்டையைக்கூடப் பலர் எங்களிடமே விட்டுவிட்டுப் போவார்கள். லயத்தில் ஒரு வீட்டுக்குள் போய்வந்தால் பக்கத்து வீட்டார் கேட்பார்களே, அதற்காக நான் கக்கூஸ் பரிசோதிக்க வந்தவன் என்று சொல்லிவைத்தேன். கெட்டிக்கார யோசனை என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் உடைந்த கக்கூஸ்களை எல்லாம் காட்டி முடிக்காமல் என்னை விட மாட்டார்கள்.

யோகராஜ் அப்படியொரு தோட்டத்துக்காரன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டி உலர்த்தும் பெரிய அடுப்பில் வேலை. நெடுநெடுவென்று உயரம், பேச்சுக்காரன். மழைக்கு ஒதுங்கி ஸ்டோருக்குள் போன ஒருநாள் அவன் அடுப்பின் இரும்புக் கதவில் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு கூட்டாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கதவைத் துணியில்லாமல் தொட மற்றவர்கள் பயப்படுவார்கள்.

"சூடு இல்லியாடா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"இவனுக்குத் தோலு இல்லீங்க ஐயா, தகரம்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். தோலைப் படிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அதைக் கிளினிக்கில் வேடிக்கையாகச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினார்.

"எந்தக் கை?"

"இடது டாக்டர்."

"அவரைக் கூட்டிக்கொண்டு வாரும்."

நரம்பு தடித்திருந்தது. முழங்கையிலிருந்து சின்னவிரல் வரை, கையின் அந்தப் பக்கம் முழுவதும் செத்துக் கிடந்தது. சுட்டுச் சுட்டு முழங்கைத் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. பெயரை அவனுக்கு டாக்டரம்மா ஒருதரம் சொன்னார். மருந்து இருக்கிறது, மாறிவிடும், குடிக்கத் தொடங்கினால் யாருக்கும் தொற்றாது, போன உணர்ச்சி மட்டும் திரும்பி வராமல் போகலாம் என்றும் சொன்னார். வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னான்.

"ஐயா, தங்கச்சி சாந்திக்கு நாவுலயில மாப்ள பேசியிருக்கு. தை மாசம் கலியாணம். தெரிஞ்சா முடிஞ்சிருங்க."

"நான் யாருடா? கக்கூஸ் ஐயா. எனக்கு என்ன தெரியும்?" என்றேன். அப்போது கொஞ்சம் சிரித்தான்.

மாதத்தில் ஒருநாள் பஸ்ஸேறி மாத்தளைக்கு வந்து மருந்து வாங்கிப் போவான். ஒரு மாதமும் தவறவில்லை. பல தடவை ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறோம். அவன் என் பக்கம் திரும்புவான், பார்வை எனக்குள்ளாகப் புகுந்து பின்னால் இருக்கும் தேங்காய் மூட்டையில் போய் நிற்கும். நடிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அந்த வருடங்களில் எங்களைப் போலவே சட்டைக் கையை மடிக்கச் சொல்கிற இன்னொரு கூட்டம் தெருவில் நின்றது. சண்டை வடக்கே நடந்தது, ஆமியின் சோதனைச் சாவடி எங்கள் மலைத் தெரு வளைவில் இருந்தது. பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயர், இளம் வயது என்றால் தோலைப் பார்ப்பார்கள். தோளில் துப்பாக்கி வார் பதிந்த தடம், முழங்கையிலும் முழங்காலிலும் ஊர்ந்து பழகிய காய்ப்பு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோளிலும் முழங்காலிலும் தடம் இல்லாமல் இருக்குமா? உரமூட்டை சுமக்கிற தோள். இருந்தும் பார்த்தார்கள். ஒதுக்கி வைத்தவர்களை லொறியில் ஏற்றினார்கள். சிலர் சில நாட்களில் வந்தார்கள். சிலருடைய தாய்மார் முகாம் முகாமாகப் போட்டோவோடு அலைந்துகொண்டிருந்தார்கள்.

கலியாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ரத்தோட்டையிலிருந்து வந்த காலை பஸ்ஸில் அவன் முன்னால் இருந்தான், நான் பின்னால். முதல் நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. வளைவில் எல்லாரையும் இறக்கினார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் வரிசை. வெயில் சுள்ளென்று இருந்தது. யோகராஜ் எப்போதும் நீளக்கைச் சட்டைதான் போடுவான். சாவடிக்குப் பொறுப்பான சார்ஜன் மடிக்கச் சொன்னார். மடித்தான்.

"எங்கே ஊர்ந்தாய்?" சிங்களத்தில் கேட்டார்.

"ஸ்டோர் அடுப்பில் சுட்டது மஹத்தயா."

"ஒரே இடத்தில் இத்தனை தரம் சுடுமா? வலிக்கவில்லையா?"

"வலிக்கவில்லை."

உண்மையைத்தான் சொன்னான். அந்த உண்மையை நம்பக்கூடிய ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான். இரண்டு சிப்பாய்கள் அவனைப் பிடித்து லொறிப் பக்கம் நடத்தினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் தலையைக் குனிந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வீரன் இல்லை. என் கால் முதலில் பஸ் பக்கம்தான் திரும்பியது. எப்படியோ வரிசையை விட்டு வெளியே வந்து, உத்தியோக அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, சார்ஜனின் காதருகே மெதுவாகச் சொன்னேன். அவன் எங்கள் நோயாளி, அது நோயால் வந்த தழும்பு என்று.

"என்ன நோய்? சத்தமாகச் சொல்."

சொன்னேன். சிங்களத்தில் லாதுரு. அந்தச் சொல்லைத் தெரியாத காது வரிசையில் ஒன்றும் இருந்திருக்காது.

யோகராஜ் லொறிக்குப் பக்கத்தில் நின்றபடி திரும்பினான்.

"பொய் மஹத்தயா. எனக்கு ஒரு நோயும் இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றான்.

தேங்காய் மூட்டையைப் பார்க்கிற அதே பார்வை. லொறி பக்கத்திலேயே நிற்கிறது. அவன் லொறியைத் தெரிந்தெடுத்துவிட்டான் என்று எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. லொறியில் போனால் தங்கை கலியாணம் நடக்கலாம். தமையனை ஆமி பிடித்துக்கொண்டு போனதற்காக எந்த மாப்பிள்ளை வீடும் சம்பந்தத்தை முறித்ததில்லை.

சார்ஜன் என் அட்டையைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். "நீ யாருடைய ஆள்?" என்று இப்போது என்னைக் கேட்டார். வாய் உதவாததும் கை தன் வேலையைப் பார்த்தது. பையைத் திறந்து பஞ்சை எடுத்தேன்.

"காட்டுகிறேன் சேர். நீங்களே பாருங்கள்."

தெருவின் நடுவில் அவனுடைய கையைப் பிடித்து வெயிலில் சாய்த்தேன். வேறொரு நாளில் பார்த்தால் எங்கள் வேலைக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. பஞ்சைத் திரித்தேன். ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காகத் திரித்ததில்லை. கண்ணை மூடச் சொன்னேன். மூட மாட்டேன் என்றான். ஒரு சிப்பாய், யோகராஜ் போட்டிருந்த தொப்பியை இழுத்து அவன் கண்ணை மறைத்தான்.

வலது கையில் தொட்டேன். அவனுக்குத் தெரிந்தது, நோயில்லை என்று நிரூபிக்க விரலால் காட்டினான். இடது கையின் மேற்பக்கம் தொட்டேன், காட்டினான். முழங்கையில் தொட்டேன். அவன் அசையவில்லை. பஞ்சு வளைந்துகொண்டு நின்றது. அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் சும்மா இருப்பானா இந்த ஆள் என்று. குத்துமதிப்பாக மணிக்கட்டைக் காட்டினான். பஞ்சு முழங்கையில் இருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். சின்னவிரல் பக்கம் தொட்டேன். தோளைக் காட்டினான். பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி "அட பாவமே" என்றாள். அதைக் கேட்டு அவன் விரல் இன்னும் வேகமாக, இங்கே, அங்கே என்று தொடாத இடங்களை எல்லாம் காட்டத் தொடங்கியது. சோதனை எப்போதோ முடிந்துவிட்டது. அவன்தான் நிறுத்தவில்லை.

சார்ஜன் இரண்டு அடி பின்னுக்குப் போய், அந்தச் சொல்லைத் தானும் ஒருதரம் சொன்னார், உரக்க. அவனைப் பிடித்திருந்த சிப்பாய்கள் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார்கள். என் அட்டையைச் சார்ஜன் விரல் நுனியால் எடுத்து நீட்டி, "இரண்டு பேரும் போங்கள்" என்றார்.

பஸ்ஸில் ஏறப் போனால் கொண்டக்டர் வாசலை மறித்தான். "ஐயா நீங்க வாங்க. அவர ஏத்தேலாது. சனம் கத்துது." நான் படிக்கட்டில் நின்றபடி பிரசங்கம் தொடங்கினேன். மருந்து குடிக்கிறவரிடமிருந்து தொற்றாது, அவர் எத்தனையோ மாதமாகக் குடிக்கிறார், இந்த இந்தத் தோட்டத்தில் ஸ்டோரில் நல்ல வேலைக்காரன், பயப்படாதீங்க. வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாகப் பேசியதே இல்லை. தெரியாமல் இருந்த ஓரிரண்டு பேருக்கும் ஆள் யார், தோட்டம் எது என்று தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது அவன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு மாத்தளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். இறங்கி ஓடினேன்.

"கூட வராதீங்க ஐயா."

திரும்பாமலே சொன்னான். நான் நின்றுவிட்டேன். அன்று அவன் மருந்து எடுக்க வரவில்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேடிக்கையாக நடித்துக் காட்டாமல் நான் அவரிடம் ஒன்றைச் சொன்னது அதுவே முதல் தடவை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணை மூடித்தான் பாத்தனீரோ?" என்றார்.

"மூடித்தான் டாக்டர்."



"நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

அடுத்த நாளே இருவரும் தோட்டத்துக்குப் போனோம். யோகராஜின் தாய் பாக்கியம் எங்களுக்கு முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் போட்டார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே டாக்டரம்மா அங்கே உட்கார்ந்து, அந்த வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி குடித்தார். நான் இரண்டு கோப்பை குடித்தேன். ரொட்டியும் தின்றேன். லயமே பார்த்தது. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களில் ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க குடிப்பீங்க ஐயா. ஒங்களுக்கு ஊசி போட்டிருப்பாங்கல்ல." அப்படியொரு ஊசி இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. பாக்கியத்தின் வாளி மற்ற வாளிகளிலிருந்து தள்ளித் தனியாக இருந்தது. ஸ்டோரில் அவனுக்கு வேலை இல்லை என்று அதற்குள் சொல்லிவிட்டார்கள். மலையில் புல்லு வெட்டலாமாம்.

நாவுலைக்கு நான் தனியாகப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊர் வாய் இருக்கே."

"பொண்ணுக்கு அந்த நோய் இல்ல. நானே பார்த்தேன். டாக்டரே எழுதித் தருவாங்க."

"தருவீங்க. அத நாலு பேருக்குக் காட்டினாத்தானேங்க பிரயோசனம்? காட்டினா, தெரியாத நாலு பேருக்கும் தெரிஞ்சிருமே."

சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

தை மாதம் கலியாணம் நடக்கவில்லை. அந்த மாதமே யோகராஜ் ஒரு பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். கொழும்புக்கு வேலைக்கு என்று தாயிடம் சொன்னானாம். கடிதம் வரவில்லை. கொழும்பிலும் சாவடிகள் இருந்தன. முழங்கையைக் காட்டி யாரிடம் என்ன சொன்னானோ, சொல்ல மாட்டேன் என்று நின்றானோ. வில்கமுவப் பக்கம் அவனைப் போல ஒருவன் டிராக்டர் ஓட்டுகிறான் என்று யாரோ சொல்ல, லீவு போட்டு, பஸ் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போனேன். உயரம் அதேதான், ஆள் வேறு. "முழங்கைய ஒருக்கா காட்டுங்க தம்பி" என்று அவனிடம் கேட்டுவிட்டேன். அவன் என்னை உளவாளி என்று நினைத்துவிட்டான். அந்த வயலில் அடி வாங்காமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அவனுக்கு முடிக்க வேண்டிய மருந்து இன்னும் சில மாதங்களுக்கு இருந்தது. அந்த மருந்து அட்டைகள் கிளினிக் அலுமாரியின் மேல் தட்டில் கிடந்தன. காலாவதியாகிற வரைக்கும் எடுத்துப் போட டாக்டரம்மா யாரையும் விடவில்லை.

நோயாளி போய்விட்டாலும் வீட்டாரைச் சில வருடங்கள் பார்த்துவர வேண்டும் என்பது எங்கள் விதி. ஆகவே வருடத்துக்கொரு தரம் போனேன். பாக்கியம் முதல் தரம் பேசினார், பிறகு பேசுவதை விட்டுவிட்டார். வந்ததும் தானே கையை நீட்டுவார், பார்த்து முடிந்ததும் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். நான் கடைசியாகப் போனபோது தோட்டத்தில் ஒருவர்கூட என்னிடம் கக்கூஸ் காட்டவில்லை. நான் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சாந்தி மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, காம்பரா அறையின் யன்னலருகே நின்றாள். கலியாணம் ஆகவில்லை. வேறு கலியாணப் பேச்சும் வரவில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். தேயிலை மிலாறுக் குச்சிகள் கீறிய கோடுகள் இரண்டு கையிலும் இருந்தன. கண்ணை மூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தானே மூடிக்கொண்டாள். நான் தொட்டேன், அவள் காட்டினாள். தொட்டேன், காட்டினாள். முழங்கையில் நான் தொடுவதற்கு முன்பே அவள் விரல் அங்கே வந்துவிட்டது போலிருந்தது. ஒரு பிழையும் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு."

அவள் தலையாட்டினாள். நான் பஞ்சைக் கடதாசியில் சுற்றினேன். போய்விட்டிருக்கலாம். ஆனால் அந்த யன்னலருகே என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பேசிக்கொண்டே இருந்தவனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்று பேராசை வந்துவிட்டது.

"சாந்தி, அன்னைக்கு நான் வாயத் தெறக்காம இருந்திருந்தா ஒங்க அண்ணன லொறியில ஏத்திக் கொண்டு போயிருப்பாங்கம்மா."

அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கூடையை எடுத்தாள்.

"இப்ப மட்டும் இருக்காரா?"